நாற்பத்தோராவது படுக்கை

ஸ்கேனர் பலகை உள்ளே நகர ஆரம்பித்ததுமே சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் படம் வர இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது, இப்போதே மூட வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் அவளுடைய துணிச்சலைப் பற்றி அவளுக்கே தெரியும், அது வாசல் வரை வந்துவிட்டு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் போகிற ரகம், அதனால் வந்த சூட்டோடு மூடிவிட்டாள். இருபத்திரண்டு நிமிடம். அவ்வளவு நேரமும் திறக்கக் கூடாது. திறந்தால் முகத்துக்கு மேல் மாட்டியிருக்கும் கூண்டில் ஒரு சின்னக் கண்ணாடி தெரியும், அந்தக் கண்ணாடியில் தலைமாட்டுக்கு அப்பால் இருக்கும் திரை தெரியும், திரையில் நாலு நொடிக்கு ஒரு படம் வரும். அதைப் பார்க்கும்போது மூளையில் எங்கெங்கே ரத்தம் கூடுகிறது என்று இந்த ராட்சசக் குழாய் அளக்கும், அந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே ஒரு கணினி மாடல் அவள் என்ன பார்த்தாள் என்று வரையும். யானையைப் பார்த்தால் யானை. கப்பலைப் பார்த்தால் கப்பல். கொஞ்சம் கலங்கியிருக்கும், தண்ணீரில் நனைந்த காலண்டர் படம் மாதிரி, ஆனால் யானை யானைதான். அந்த வித்தையைப் பார்க்கத்தான் கன்ட்ரோல் ரூமில் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்திருக்கிறது, முந்திரி பக்கோடா சாப்பிடுகிறது. பார்க்கட்டும். கண் மூடிக் கிடக்கிற மண்டையிலிருந்து என்ன யானை வருகிறது என்று நன்றாகப் பார்க்கட்டும். காதில் அடைத்த பஞ்சையும் மீறி பார்கவனின் குரல் வந்தது. "அக்கா, ஓக்கேவா? இருபத்திரண்டு நிமிஷம். தலைய மட்டும் அசைச்சிடாதீங்க." அவள் ஓக்கே என்றாள். பார்கவன் அவளுக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்த ஆராய்ச்சி மாணவன், மென்பொருள் கம்பெனியில் இருந்து வந்தவன், இஸ்திரி போட்ட சட்டையும் சிரித்த முகமுமாக இருப்பான், அவள் ஒரு பேச்சுக்குக்கூட அவனைத் திட்டியதில்லை. இப்போது அவள் எழுதிய நிரல்தான் அவன் பெயரில் ஓடுகிறது. இயந்திரம் இருமுவதுபோல் ஒன்றிரண்டு சத்தம் போட்டுவிட்டு, பிறகு நிறுத்தாமல் தட்ட ஆரம்பித்தது.

டக் டக் டக் டக், தகரக் கூரையில் யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள், நாற்பது தடவை படுத்து நாற்பது தடவையும் கேட்ட சத்தம், பழகிப்போயிருக்க வேண்டும், பழகவில்லை. மூடிய இமையின் மேல் சிவப்பாக ஒரு அலை வந்து போனது, அப்படியானால் முதல் படம் வந்துவிட்டது, வெளிச்சமான படம், வானமோ கடலோ. இமைக்குள் வரும் இந்தச் சிவப்பும் மூளைக்குப் போகுமே, அதைப் பிடித்துக்கொண்டு மாடல் ஏதாவது வரைந்துவிடுமா? விடாது. வெளிச்சம் இருட்டு இரண்டை வைத்து யானை வரைய முடியாது, அந்த மாடலை அவள் பெற்ற பிள்ளை மாதிரி தெரியும், அதற்கு எவ்வளவு தெரியும் எவ்வளவு தெரியாது என்பதெல்லாம் அத்துப்படி. உலகத்திலேயே ஒரே ஒரு மண்டைக்குத்தான் அது வேலை செய்யும். இவளுடைய மண்டைக்கு. மற்றவர்கள் ஒரு தடவை வந்து படுத்தார்கள், இரண்டு தடவை வந்தார்கள், மூன்றாம் தடவை போன் எடுக்கவில்லை, அப்போதுதான் பேராசிரியர் நீலமேகம், அவளுடைய கைடு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஏம்மா, நீயே படுத்தா என்ன? நீதான் சொன்ன நேரத்துக்கு வர்றவ, அசையாமப் படுக்கிறவ" என்றார். புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு குளிர்ந்துபோனாள் பைத்தியக்காரி. ஒன்றரை வருடம், நாற்பது படுக்கை, பத்தாயிரம் படம். போன செவ்வாய்க்கிழமை அவருடைய அறையில் நின்றுகொண்டு, "சார், பேப்பர்ல என் பேரு..." என்று இழுத்தபோது அவர் உண்மையிலேயே புரியாத மாதிரி நிமிர்ந்து பார்த்தார். "உன் பேரா? எஸ்-ஒன்னு இருக்கேம்மா, எல்லாப் படத்துக்குக் கீழயும் இருக்கே." அது ஆய்வுக்குப் படுத்தவரின் எண், சார், பேர் இல்லை. "அதான் சொல்றேன். நீ டேட்டா. டேட்டாவோட பேர ஆத்தர் வரிசையில போட்டா பாக்கிறவன் சிரிப்பான். தானே படுத்து தானே எழுதி தானே சரின்னு சொல்லிக்கிட்டான்னு சொல்லுவான். எத்திக்ஸ் கமிட்டி வேற." நிரல் நான் எழுதினது சார். "இல்லேன்னு சொல்லலையே. பார்கவன் அதச் சுத்தம் பண்ணிட்டான்." முதல் பெயர் பார்கவன், கடைசிப் பெயர் நீலமேகம், நடுவில் ஸ்கேனரைப் பராமரிக்கிற டெக்னீசியன் பெயர்கூட இருக்கிறது. பேப்பர் வெள்ளிக்கிழமை ஜர்னலுக்குப் போகிறது. முதல் ஆத்தராக ஒரு பேப்பர் இல்லாமல் தீசிஸை வாங்கிக்கொள்ள மாட்டார்கள், ஏழாவது வருடம் கிடையாது, ஆறோடு வாசலைக் காட்டிவிடுவார்கள், அவ்வளவுதான் விஷயம், இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. குழம்பு கொதிக்கும் வரை கறிவேப்பிலை வேண்டும், இலையில் பரிமாறின பிறகு ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

ஆனால் இன்றைக்கு அவள் வேண்டும். அதுதான் அழகு. குழு வருகிறது, நேரில் காட்டு என்கிறது, வேறு எந்த மண்டையைப் படுக்கவைத்தாலும் மாடல் உளறும், ஆகவே நீலமேகம் நேற்று சாயங்காலம் அவளுடைய மேசைக்கே வந்தார், கையில் ஒரு சாக்லேட் வேறு. "நாளைக்கு நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாம்மா." தூங்கவில்லை. கண்ணை மூடலாமா வேண்டாமா என்று புரண்டதிலேயே விடிந்துவிட்டது. காலையில் கம்மலைக் கழற்றி, செயினைக் கழற்றி, போனை லாக்கரில் வைத்துப் பூட்டும்போதுகூட முடிவு செய்யவில்லை, குழுவில் இருந்த வெள்ளை முடி அம்மா, "இந்தப் பொண்ணுதான் அந்த சப்ஜெக்டா?" என்று அவளைப் பார்க்காமல் நீலமேகத்தைப் பார்த்துக் கேட்டபோதுதான் முடிவாயிற்று. இப்போது வலது கையில் ஒரு பொத்தான் இருக்கிறது, முன்பு வந்த படமே திரும்ப வந்தால் அழுத்த வேண்டும், விழித்திருக்கிறாளா என்று பார்க்க அது ஒரு வழி. குத்துமதிப்பாக அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. கண்ணைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்று இருக்கிறது, அதன் சின்ன ஜன்னல் பார்கவன் திரையின் மூலையில் கிடக்கும், ஒன்றரை வருடத்தில் அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தவன் இல்லை, அதுவும் விருந்தாளிகள் இருக்கும்போது எங்கே பார்க்கப்போகிறான். பார்த்தால்? பார்த்தால் உடனே மைக்கில் சொல்லியிருப்பான். சொல்லவில்லை. ஆக, பார்க்கவில்லை. திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றாள், பார்த்திருந்தால் சொல்லியிருப்பான், சொல்லவில்லை, ஆக, பார்க்கவில்லை, பாவாடை நாடா முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற மாதிரி இதையே நாலு தடவை தொட்டுப் பார்த்தாள்.

எதையும் நினைக்கக் கூடாது என்று வேறு ஒன்று. நினைப்பதும் பார்ப்பதும் மூளைக்குப் பாதிக்குப் பாதி ஒன்றுதான், யானையை நினைத்தால் யானையின் சாயல் எங்கேயாவது வந்து தொலைக்கும், ஆகவே யானையை நினைக்காதே என்று சொல்லிக்கொண்டாள், உடனே யானை வந்தது. இமைக்குள் முதலில் பச்சையாகப் புள்ளிகள், பிறகு அவை சேர்ந்து ஓடும் ஒரு நதி மாதிரி, அதில் இந்த ஒன்றரை வருடத்துப் படங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன, பீட்சா துண்டு, பனியில் சறுக்குகிற ஆள், கட்டையைத் தூக்கிக்கொண்டு பந்துக்குக் காத்திருக்கும் தொப்பிக்காரன், நாய் உட்கார்ந்திருக்கும் சோபா. பத்தாயிரமும் வெளிநாட்டுப் படங்கள். எவனோ எங்கேயோ இணையத்தில் பொறுக்கிச் சேர்த்துவைத்தது. மாடலுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். ஒரு நாள் விளையாட்டுக்கு ஒரு தட்டு இட்லியைப் படம் எடுத்து நடுவில் செருகினாள், அவள் மூளை இட்லியைத்தான் பார்த்தது, வாயில் எச்சில்கூட ஊறியது, மாடல் நாலு பேஸ்பால் பந்தை வரைந்து கொடுத்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளும்தான். அடுத்தது இருபதாவது படுக்கையோ என்னவோ, யாரையாவது ஒருத்தரை மனதில் நினை என்றார்கள், அம்மாவை நினைத்தாள், குழித்துறை வீட்டுப் புறவாசலில் மீன் கழுவிக்கொண்டு நிமிர்கிற அம்மாவை, நெற்றி வேர்வையை முழங்கையால் துடைப்பது வரை, அவ்வளவு தெளிவாக. மாடல் ஒரு வெள்ளைக்கார ஆணை வரைந்தது. தொப்பி போட்டிருந்தான், பின்னால் பனி. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, கறுப்பு எழுத்தில் 'தோல்வி' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் போனில் பேசும்போது கண்ணுக்கு முன்னால் அந்தத் தொப்பிக்காரன்தான் வந்து நின்றான். "எப்ப மக்களே முடியும்? இங்க ஆளுவ கேக்காவ. டாக்டருக்கு படிக்கான்னு சொன்னா ஊசி போடுவாளான்னு கேக்காவ." தொப்பிக்காரன் வாயிலிருந்து அம்மா குரல். சீக்கிரம் முடிஞ்சிரும்மா. அதுக்குப் பிறகு எத்தனை தடவை சொல்லியாயிற்று இதை. கன்னத்தில் எங்கேயோ அரித்தது. சொறியக் கூடாது. அசையாமல் கிடந்து என்ன ஆகப்போகிறது, அவளே கெடுக்கத்தானே படுத்திருக்கிறாள், தாராளமாகச் சொறியலாம், தலையை ஆட்டலாம், ஆனாலும் கை எழவில்லை. சொன்னபடி அசையாமல் படுப்பவள்.

ஊஹூம், அசைந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால்தான் அசையவில்லை, பயமில்லை, தந்திரம். இடது கையில் ரப்பர் குமிழ் ஒன்று இருந்தது, தாங்க முடியாவிட்டால் அமுக்க வேண்டியது, வெளியே மணி அடிக்கும், நிறுத்துவார்கள். நிறுத்துவார்கள் என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். பஞ்சவர்ணத்துக்கும் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தாள். இதை நினைக்காதே. நினைத்தாயிற்று. பஞ்சவர்ணம் துறையில் பெருக்குகிறவள், நாற்பத்தைந்து வயது இருக்கும், "எப்பவும் ஸ்டூடன்ட் மூளையையே பாத்தா எப்படி, படிக்காத மூளை ஒண்ணு கொண்டாம்மா" என்று நீலமேகம் கேட்டார், சுகிர்தாதான் போய் நைச்சியமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒண்ணும் இல்லக்கா, சும்மா படுத்துக்கிட்டு டிவி பாக்கிற மாதிரி. வளையல், தாலி, மெட்டி எல்லாம் கழற்றச் சொன்னதற்கே அவளுக்கு முகம் மாறிவிட்டது, தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றவளைக் கெஞ்சி, மஞ்சள் கயிற்றில் கோத்திருந்த தங்கத்தை மட்டும் உருவிவிட்டு வெறும் கயிறோடு படுக்கவைத்தார்கள். பத்தாவது நிமிடம் மணி அடித்தது. அன்றைக்கு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது சுகிர்தா. ஓட்டம் முடிய இரண்டு நிமிடம்தான் இருந்தது, இப்போது நிறுத்தினால் அத்தனையும் வீண், திரும்ப முதலிலிருந்து. "இன்னும் ரெண்டே நிமிஷம்க்கா. அப்படியே இருங்க. ஒண்ணும் ஆவாது." மணி திரும்ப அடித்தது. மணிச் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். ஆமாம், குறைத்து வைத்தாள், சும்மா மழுப்ப வேண்டாம், கை தானாக அந்தத் திருகை நோக்கிப் போயிற்று, இடது பக்கம் திருப்பிற்று. பலகையை வெளியே இழுத்தபோது பஞ்சவர்ணத்தின் சேலை பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அவள் விரிப்பை உருவிக்கொண்டுபோய்த் தானே அலசிக் காயப்போட்டுவிட்டு, தங்கத்தை எண்ணி வாங்கிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். டேட்டாவைத் திறந்து பார்த்தால் தலை கண்டபடி ஆடியிருந்தது, ஒரு வரிகூடத் தேறவில்லை, அழித்தாயிற்று. இன்றைக்கும் அவள்தான் அந்த வராந்தாவைப் பெருக்குகிறாள். சுகிர்தா வந்தால் துடைப்பத்தை ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள், மரியாதைக்கு நிற்பது மாதிரியே இருக்கும்.

எதற்கு இதெல்லாம், நல்ல நாளும் அதுவுமாக. இன்றைக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். கன்ட்ரோல் ரூமை நினைத்துப் பார்த்தாள். பெரிய திரை, இடது பக்கம் காட்டிய படம், வலது பக்கம் மூளையிலிருந்து வரைந்த படம். இடது பக்கம் யானை, வலது பக்கம் சாம்பல் கூழ். இடது பக்கம் கப்பல், வலது பக்கம் அதே கூழ். முதல் மூன்று படத்துக்கு நீலமேகம், "வார்ம் அப் ஆகணும், ரத்தம் வர்றதுக்கு அஞ்சாறு நொடி ஆகும்" என்பார். ஆறாவது படத்துக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். பத்தாவதுக்கு வெள்ளை முடி அம்மா பக்கோடாத் தட்டைக் கீழே வைப்பாள். பார்கவனின் இஸ்திரிச் சட்டை அக்குளில் நனையும். எல்லோர் முகத்திலும் கரி. இந்தக் கரியை அவள் ஆசை ஆசையாக, ஒவ்வொரு முகமாக, காது மடல் வரை பூசினாள், இவ்வளவு சந்தோஷம் தனக்குள் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. பிறகு அவர்கள் சொல்ல வேண்டும்: சுகிர்தா இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். பேப்பர் வெள்ளிக்கிழமை போகாது, எங்கே தப்பு என்று தேட அவளைத்தான் கூப்பிட வேண்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் பெயரைப் பற்றி. அப்படிப் பேசாவிட்டால்? பேசாவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை உனக்கும் இல்லை, அதுவும் நல்லதுதான். அந்த நேரம் பார்த்துத் தட்டல் நின்று, இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் வரும் அமைதியில் பார்கவன் மைக்கில் வந்தான். "அக்கா, சூப்பராப் போய்க்கிட்டிருக்கு. இன்னும் பாதிதான்." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம். சூப்பராகவா? எப்படிச் சூப்பராகப் போகும்? விருந்தாளிகளுக்காகச் சொல்கிறான், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான், குரல் அப்படியொன்றும் கடித்த மாதிரி இல்லையே. இல்லை, அவன் அப்படித்தான், வீடு தீப்பற்றி எரிந்தாலும் சூப்பர் என்பான். தட்டல் மறுபடி ஆரம்பித்தது. கண்ணைத் திறந்து ஒரே ஒரு தடவை பார்க்கலாமா என்று தோன்றியது, எதைப் பார்க்க, திரையில் இருப்பதைப் பார்த்து என்ன தெரியப்போகிறது, ஆனாலும் இமை துடித்தது, தன்னால் திறந்துகொள்ளப் பார்த்தது, பத்து விரலாலும் பிடித்து மூடுவதுபோல் உள்ளுக்குள்ளேயே இறுக்கி மூடினாள். கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் வழிந்து பஞ்சில் இறங்கியது. மீதி நேரம் முழுக்க, சூப்பர் என்ற அந்த ஒரு சொல்லைச் சுற்றியே போயிற்று.

பலகை வெளியே வந்தது. கூண்டைக் கழற்றிய டெக்னீசியன், "போங்க மேடம், எல்லாரும் கை தட்டுறாங்க" என்றான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கன்ட்ரோல் ரூமுக்குள் போனாள். பெரிய திரையில் இரண்டு வரிசை. இடது பக்கம் யானை, வலது பக்கம் யானை. கொஞ்சம் கலங்கலாக, தும்பிக்கை மட்டும் புகைந்து, ஆனால் யானை. கப்பலுக்குக் கப்பல். சோபாவுக்குச் சோபா, அதில் நாய் இருக்க வேண்டிய இடத்தில் நாய் நிறத்தில் ஒரு மூட்டை. திறந்துவிட்டேனா? எனக்கே தெரியாமல் கண் திறந்துகொண்டதா? இல்லை இமைக்குப் பின்னால் இருந்தும் பார்த்துத் தொலைத்ததா இந்தச் சொன்னபடி கேட்கிற மண்டை? ஒரு கணம் தன் தலைமேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது, வேறு யாருடைய வேலைக்காரியையோ கழுத்துக்கு மேல் தூக்கிச் சுமப்பதுபோல. பிறகுதான் திரையின் கீழ் மூலையைப் பார்த்தாள், மற்ற யாரும் பார்க்காத இடம், எந்தக் கோப்பு ஓடுகிறது என்று பொடி எழுத்தில் காட்டும் இடம். எஸ்-ஒன், படுக்கை இருபத்தேழு, மார்ச் பதினாலு. பக்கத்தில் வந்து நின்ற பார்கவன் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, உதடு அசையாமல், "லைவ்ல ரிஸ்க் வேணாம்னு சார் சொல்லிட்டார் அக்கா. இருக்கறதுலயே பெஸ்ட் டேட்டா அதான். நீங்க உள்ள படுத்தா போதும், ஆளு இருக்கற மாதிரி இருக்கணும்ல" என்றான். பிறகு சிரித்தான், நல்ல மனதோடுதான் சிரித்தான். "கண்ணு மூடியே இருந்துச்சு, கேமராவுல பாத்தேன். ராத்திரி தூங்கலையேன்னு விட்டுட்டேன்."

மார்ச் பதினாலு அப்பா இறந்த நாள். இத்தனை நேரம் இருட்டில் இட்லி, தொப்பிக்காரன், பஞ்சவர்ணம் என்று எல்லாவற்றையும் தொட்டவள் தொடாமல் விட்டது இதைத்தான். அன்றைக்கும் போன் லாக்கரில் இருந்தது, அம்மா துறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள், பத்தே முக்காலுக்கு நீலமேகத்துக்குத் தகவல் வந்திருக்கிறது. இவள் உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்தது பன்னிரண்டரைக்கு, டீ ஒன்றை நீட்டி, "குடிச்சிட்டு உக்காரும்மா, ஒரு விஷயம்" என்றார். இன்னும் ஏழெட்டு ஓட்டம்தான் பாக்கி இருந்தது, உன்ன நடுவுல கலவரப்படுத்த வேணாம்னு பாத்தேன். ஒரு மணி விமானம் போய்விட்டது. மழை வரும்போல் இருந்ததால் ஊரில் இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அம்மா சோறு போட்டாள். அப்பா போன தகவல் வந்த பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் இந்த யானையைப் பார்த்தாள், இந்தக் கப்பலைப் பார்த்தாள், ஒரு பொத்தானைக்கூடத் தப்பாக அழுத்தவில்லை, ஒரு மயிரிழை அசையவில்லை. இருக்கறதுலயே பெஸ்ட். இப்போது வாயைத் திறக்க வேண்டும். இது பழைய டேட்டா, இன்றைக்கு நான் எதையுமே பார்க்கவில்லை, ஒரே ஒரு வாக்கியம், சொல்லிவிட்டால் நீலமேகம் தீர்ந்தார். ஆனால் சொன்னால் அந்த யானையையும் சேர்த்துப் பொய் என்பார்கள். அது பொய்யில்லை. அந்த ஒன்று மட்டும்தான் பொய்யில்லாதது, அது அவளுடையது, அதற்கு அவள் கொடுத்ததை வேறு யாரும் கொடுக்கவில்லை. அதற்குள் வெள்ளை முடி அம்மா எழுந்து அவள் பக்கம் வந்தாள், இப்போதுதான் முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தாள், கண்ணில் நிஜமான ஆர்வம். "சொல்லும்மா, உள்ள இருக்கும்போது எப்படி இருந்துச்சு? இந்த யானையப் பாக்கும்போது உனக்கு என்ன தோணுச்சு?" நீலமேகம் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பார்கவன் தரையைப் பார்த்தான். சுகிர்தா திரையைப் பார்த்தாள்.

"நல்லாத் தெளிவாத் தெரிஞ்சுது மேடம்" என்றாள். "தும்பிக்கையத் தூக்கிட்டு நிக்கும். பக்கத்துல ஒரு குட்டி பாதி மறைஞ்சு நிக்கும், அத மாடல் பிடிக்கல, ஆனா நான் பாத்தேன்." குட்டி எங்கே, எங்கே என்று அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் போய்த் தேடி, இடது படத்தின் ஓரத்தில் கண்டுபிடித்துச் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள். நீலமேகத்துக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. எல்லோருக்கும் முன்னால் அவள் தோளில் தட்டி, "இவ இல்லாம ஒண்ணும் நடக்காது. பேப்பர்ல நன்றின்னு ஒரு பகுதி வருதுல்ல, அதுல முதல் பேரு இவ பேருதான், நானே போடச் சொல்லிட்டேன்" என்றார். கேட்க வேண்டும் என்று இருபத்திரண்டு நிமிடம் ஏங்கிய வாக்கியம், சொல்லுக்குச் சொல் அப்படியே வந்துவிட்டது, அவர் வாயாலேயே. சுகிர்தா, "தேங்க்ஸ் சார்" என்றாள். சொன்ன பிறகு தன் குரலில் உண்மையான நன்றி இருந்ததைக் கேட்டாள், அதுதான் அவளை அடித்துப்போட்டது, பொய் சொன்னதுகூட இல்லை. மத்தியானம் இன்னொரு குழு வந்தது, கல்லூரி முதல்வர்கள், பதினைந்து பேர். "இந்தத் தடவ நிம்மதியாத் தூங்குங்க அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான் பார்கவன், ரெக்கார்டிங்கை ஆன் பண்ணக்கூட இல்லை, சும்மா சத்தமும் படமும் மட்டும் வர இயந்திரத்தை ஓடவிட்டான். அவள் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். பலகை உள்ளே போயிற்று. முதல் படம் வந்தது, வெள்ளைக் குதிரை ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. இருபத்திரண்டு நிமிடமும் கண்ணை அகலத் திறந்துவைத்து ஒவ்வொரு படத்தையும் பார்த்தாள், வந்த படம் திரும்ப வந்தபோதெல்லாம் சரியாகப் பொத்தானை அழுத்தினாள், ஒன்றைக்கூட விடவில்லை.